எழுபது யூரோ

தண்டச்சீட்டு இன்னும் இழுப்பறையில்தான் கிடக்கிறது,
தூண்டில் முட்களுக்கும் தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் நடுவே.
எழுபது யூரோ.
குற்றம்: பனிவண்டியில் பின்விளக்கு எரியவில்லை.
அடியில் கையெழுத்து: ஐலா ரவுத்தியோ, மூத்த காவலர்.
கடைசி எழுத்தின் வட்டம் மூடவில்லை.
மைனஸ் இருபதில் பேனா மக்கர் செய்தது.
இரண்டு முறை வாயால் ஊதிப் பார்த்தார்,
மூன்றாம் முறை என்னை முறைத்தார்,
மை உறைந்ததும் என் குற்றம்தான் என்பதுபோல.

"இருட்டில் உன்னை எவன் தேடுவான், உர்போ?"

ஐந்து வாரம் கழித்து
அவரே தேடினார்.

ஏப்ரல் மாத ஏரி
மேலே வெள்ளை, உள்ளே சல்லடை.
எங்கள் ஊர்க் குழந்தைகூடக் கால் வைக்காது.
நான் வைத்தேன், நாலு மீனுக்காக,
அரை பாட்டில் வோட்காவின் தைரியத்தில்.
முதலில் வண்டி போயிற்று.
பிறகு நான், மார்புவரை.
பனியின் விளிம்பைப் பிடிக்கப் பிடிக்க
அது பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது.
என் கூச்சல் எனக்கே
வேறு யாரோ போடுவதாகக் கேட்டது.

துணை வண்டி தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி,
சாலையில் அடிபட்ட கலைமானோடு.
காத்திருந்திருக்கலாம்.
விதிப்புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.
பெல்ட்டையும் துப்பாக்கியையும் கழற்றி
கார் இருக்கையில் வைத்து
மறக்காமல் பூட்டியிருக்கிறார்.
(சாவியை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்,
அவர் சட்டைப்பையிலிருந்து.)

யார் வீட்டுக் கூரை ஏணியோ,
அதைத் தள்ளித் தள்ளி
வயிற்றால் ஊர்ந்து வந்தார்.
வாயில் டார்ச்.
ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அது விழுந்தது:
"ஏணியைப் பிடிடா, மடையா."
பிடித்தேன். பின்னாலிருந்து என் இடுப்பை ஒரு தள்ளு.
என் எடை ஏணிக்கு மாறிய நொடியில்
அவருக்குக் கீழே இருந்தது விட்டுக்கொடுத்தது.

டார்ச் அணையவில்லை.
பச்சைத் தண்ணீருக்குள் மெல்லச் சுழன்று
இறங்கிக்கொண்டே போனது.
அந்த வெளிச்சத்தில் ஒரு கையுறை தெரிந்தது.
இதை விசாரணையில் சொன்னேன்.
எழுதிக்கொண்டிருந்த பையன் எழுதுவதை நிறுத்தினான்.

அடக்கத்துக்கு எட்டு மாவட்டத்துக் காவலர்கள் வந்தார்கள்.
கொடி பாதியில். பேச்சு ஒன்றரை மணி நேரம்.
கடமை, தியாகம், துணிவு
எல்லாம் இஸ்திரி போட்ட சொற்கள்.
நான் கார் நிறுத்துமிடத்தில் நின்று கேட்டேன்.
யாரும் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை.
அவர் கோபமாக வந்தார் என்று
எவரும் சொல்லவில்லை.
கடும் கோபம். அத்தனை தூரமும் திட்டிக்கொண்டே வந்திருப்பார்.
அந்தக் கோபம்தான் என்னைப் பிடித்து மேலே ஏற்றியது;
துணிவு எனக்கு அறிமுகம் இல்லை.

அவர் கணவர் ரெய்னோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
இரண்டு குளிர்காலம் தலையை மட்டும் அசைத்தார்.
மூன்றாவதில், பெட்ரோல் பங்கில்,
ஓடும் எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:
"பின்விளக்கை மாற்றினாயா?"
"வண்டியே ஏரிக்குள் இருக்கிறது" என்றேன்.
"ஆமாம்" என்றார்.
சிரித்தாரா, இருமினாரா, இன்றுவரை தெரியாது.

பணத்தைக் கட்டவில்லை.
முதலில் கையில் இல்லை. பிறகு இருந்தது.
நினைவூட்டுக் கடிதங்கள் வந்தன.
ஒவ்வொன்றிலும் என் பெயர், அந்தத் தேதி,
பனிவண்டி, பின்விளக்கு.
அரசாங்கம் மறக்காமல் வைத்திருக்கிறது என்று
ஒருவித நிம்மதியோடு பிரிப்பேன்.
அமீனா ஒருவர் வந்தார், ஓட்டைப் படகைப் பார்த்தார்,
காபி குடித்துவிட்டுப் போனார்.

இந்த மார்ச்சில் கடைசிக் கடிதம், இரண்டே வரி.
காலம் கடந்துவிட்டது. வசூல் கைவிடப்படுகிறது.

தலைநகருக்குப் போன் போட்டேன்.
கட்ட விரும்புகிறேன் என்றேன்.
ஒரு பெண், சின்ன வயதுக் குரல்,
விசைகளைத் தட்டும் சத்தம்.
"உங்கள் பெயரில் பாக்கி எதுவும் இல்லை, ஐயா."

நன்றாகப் பாருங்கள் என்றேன்.